கடிவாளம் யார் கையில்?

மோட்டார் காரின் வலிமையை இன்றும் நாம் குதிரைக் கணக்கில்தான் அளக்கிறோம். தெருவை விட்டுக் குதிரை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது; அளவுகோல் மட்டும் போகவில்லை. அதிலும் ஒரு நன்மை உண்டு. குதிரை என்றதும் கடிவாளத்தின் நினைவு வருகிறது. புதிய கார் வாங்க எண்ணுகிறவர், அதில் எத்தனை குதிரைகள் என்று கேட்பதோடு, அவற்றின் கடிவாளம் யார் கையில் இருக்கப் போகிறது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அந்தக் காருக்கு ஏறத்தாழ 40 குதிரைத் திறன். அந்த நாளில் அது குறைவென்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. 1955-ல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்ட் ஆயிற்று. காரை விட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறிற்று. கார் செய்யப் புறப்பட்ட ஊர், பாரம் சுமக்கும் வண்டிகளின் ஊராகிவிட்டது. இன்றோ, சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் வெர்னா என்ற செடான் காரின் டர்போ வகைக்கு, 2023-ல் வெளிவந்த கணக்குப்படி, 160 குதிரைத் திறன். ஆஸ்டினைப் போல் நான்கு மடங்கு. குடும்பத்தார் ஐவர் உட்காரும் வண்டிதான். ஆனால் பந்தயக் காரின் வேகம் அதற்குள் அடைபட்டிருக்கிறது.

திருவொற்றியூரில் வாழும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்திரண்டு. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தந்தை துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தூக்குச் சட்டியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு முப்பது ஆண்டுகள் போய் வந்தவர். மகன் அத்தகைய ஒரு காரின்மேல் ஆசை வைத்துவிட்டான். “நமக்கு எதற்கப்பா இதெல்லாம்?” என்கிறார்கள் பெரியவர்கள். “இருப்பது ஒரு வாழ்க்கை, வாங்கிவிடு” என்கிறார்கள் நண்பர்கள். இரண்டும் அறிவுரை போலத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டுமே அவனை யோசிக்க விடவில்லை.

பெரியவர்கள் பக்கம் பேசுவதற்குத் திருவொற்றியூரிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கடற்கரை அருகே பட்டினத்தாரின் சமாதி உள்ளது. பெருஞ்செல்வத்தை உதறி எழுந்தவர் என்று தமிழுலகம் போற்றும் துறவி அவர். ஆனால் அவருடைய துறவை எடுத்து இந்த இளைஞனின் தலையில் வைப்பது நியாயமா? அவர் பெற்றபின் துறந்தார். இவன் இன்னும் பெறவே இல்லை. தாம் காரில் போய்க்கொண்டு, சைக்கிளில் போனவர் மகனுக்கு ஆசையின் தீமையை உபதேசிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. துறவைப் பற்றிப் பேசும் உரிமை துறந்தவருக்கே உண்டு.

“தேவையா?” என்ற கேள்வியும் முழுமையானதன்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் வந்துவிட்டது. நகரத்துக்குள் போய்வர அது போதும். ஆனால் தேவையை மட்டும் பார்த்து யார் வாழ்கிறார்கள்? மல்லிகைப் பூவும் பட்டுப் புடவையும் தேவைக் கணக்கில் வருவனவா? அழகாகச் செய்த ஒரு பொருளை விரும்புவது மனிதனின் குற்றமன்று, அவனுடைய சிறப்பு. ஆகவே ஆசைப்பட்டதற்காக அவன் தலைகுனிய வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் ஆராய்வது? அந்தக் கார் அவனுக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதை ஆராயலாம். அது கொடுக்கும் வாக்கு சுதந்திரம். நினைத்த இடத்துக்கு, நினைத்த நேரத்தில், நினைத்த வேகத்தில் போகலாம் என்கிறது. சுதந்திரத்தைத் தருவதாகச் சொல்லும் பொருள், அதற்கு விலையாக யாருடைய சுதந்திரத்தைக் கேட்கிறது?

முதலில் சாலையைப் பார்ப்போம். சென்னை நகருக்குள் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2023 நவம்பரில் போலீசார் விதித்தார்கள். அந்த வேகத்துக்கு ஆஸ்டினின் 40 குதிரைகளே தாராளம். மீதி 120 குதிரைகளும் லாயத்தில் கட்டிக் கிடக்க வேண்டியவை. கட்டிக் கிடக்கும் குதிரைக்குத் தினவெடுக்கும். நள்ளிரவில் எண்ணூர் நெடுஞ்சாலை சற்றே காலியாக இருந்தால், ஒரு முறை அவிழ்த்துவிட்டால் என்ன என்று தோன்றும்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்கு மடங்காகிறது. அந்தச் சாலை உண்மையில் காலியாக இருப்பதும் இல்லை. துறைமுகத்துக்குள் நுழைவதற்காகக் கன்டெய்னர் லாரியில் மணிக்கணக்காகக் காத்துக் கண்சிவந்த டிரைவர் இருக்கிறார். காசிமேட்டுக்கு மீன் எடுக்க விடியுமுன் கிளம்பும் பெண் இருக்கிறாள். இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி இருக்கிறார். காருக்குள் இருப்பவனைக் காக்க இரும்புக் கூடும் காற்றுப் பையும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அவளுடைய கூடைதான் உண்டு. வேகத்தின் இன்பம் ஒருவனுக்கு, அதன் ஆபத்து பெரும்பாலும் வேறொருவருக்கு என்றால், அதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து அவனுடைய சொந்தச் சுதந்திரம். காருக்காக 12 லட்ச ரூபாய் கடன் வாங்குகிறான், நூற்றுக்கு 9 வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 19,300 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் 16 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்பான். பணம் போனால் சம்பாதிக்கலாம். நான் அஞ்சுவது அந்த 84 மாதங்களை எண்ணித்தான்.

அந்த 84 மாதங்களில் ஒரு நாள், சோதிக்காத ஒரு வால்வைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடும்படி மேலதிகாரி சொல்லக்கூடும். வேறு ஊரில் அது சிறிய பொய்யாக இருக்கலாம். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே அது சிறிய பொய்யன்று. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தின்போது எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடிற்று. அதே மாதக் கடைசியில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கடலோரக் கிராமத்து மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். இத்தகைய வட்டாரத்தில் ஒரு பொறியாளனின் மெய்யான கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு! “போட மாட்டேன்; வேண்டுமானால் வேலையை விட்டுப் போகிறேன்” என்று சொல்லும் துணிவுதான் ஏழை நடுத்தர மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் கடைசிச் சுதந்திரம். அடுத்த மாதம் ஐந்தாம் தேதித் தவணை அந்த நேரத்தில் அவன் காதருகே வந்து முணுமுணுக்கும். குதிரை அவனுடையதாக இருக்கும். கடிவாளம் வேறு யார் கையிலோ இருக்கும்.

ஆகவே அவன் தன்னைத்தானே இரண்டு விஷயங்கள் கேட்டுப் பார்க்கட்டும். 60-ஐத் தாண்டவே முடியாது, அக்கம்பக்கத்தார் யாரும் பார்க்கவும் மாட்டார்கள் என்றால், இந்தக் காரின்மேல் ஆசை மிஞ்சுமா? ஆறு மாதம் சம்பளம் நின்றாலும் பிறரிடம் கைகட்டி நிற்காமல் தவணை கட்ட முடியுமா? இரண்டுக்கும் “ஆம்” என்று மனம் உறுதியாகச் சொன்னால், தாராளமாக வாங்கட்டும். தந்தையை முன் இருக்கையில் உட்கார வைத்து, கடற்கரைச் சாலையில் நிதானமாக ஓட்டிப் போகட்டும். அந்த மகிழ்ச்சியில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை.

இல்லை என்று சொன்னால், சிறிய கார் ஒன்று வாங்கலாம், அல்லது காத்திருக்கலாம். காத்திருப்பது துறவு ஆகாது. ஒரு காலத்தில் இந்த நாட்டில் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வேறு வழியில்லாமல் காத்தார்கள், அது துன்பம்தான். இன்று கடன் கொடுக்க வங்கிகள் வாசலில் நிற்கின்றன; காரும் கடையில் தயாராக நிற்கிறது. இப்போது காத்திருக்க வேண்டுமானால் நாமாகவே விரும்பித்தான் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க முடிந்தவன், கார் வாங்கும் நாளிலும் தன் கடிவாளத்தைத் தானே பிடித்திருப்பான்.