குளிர்ந்தருளும் கண்ணகைத் தாய்



வைகாசி பிறந்துவிட்டால் காரைதீவு மக்களின் மனம், அவர்கள் எங்கிருந்தாலும், கண்ணகை அம்மன் சந்நிதியையே நாடும். கடல் தீர்த்தம் கொண்டுவந்து கல்யாணக்கால் நட்டுத் தொடங்கும் சடங்கு திருக்குளிர்த்தியோடு நிறைவெய்துகிறது. 'குளிர்த்தி' என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றி இங்கு சிறிது சிந்திப்போம்.

அம்பாள் ஏன் குளிர வேண்டும்? கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து, அரசவையில் நீதி கேட்டு, மதுரையை எரித்த தாய் அவள். அந்த வெம்மை தணிந்தால்தான் மழை பொழியும், வயல் விளையும், அம்மை முதலான வெப்பு நோய்கள் அகலும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. ஆனால் அவர்கள் கையாண்ட முறையைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பிலே "தாயே, கோபம் ஆறு" என்று அவர்கள் வேண்டவில்லை. முதலில் கண்ணகி வழக்குரையைப் படிக்கிறார்கள். கடலோட்டு, சிலம்பு விற்கப்போனது, கொலை, வழக்கு என்று அவள் பட்ட பாடெல்லாம் ஒன்றும் விடாமல் பாடப்படுகிறது. கேட்கும் தாய்மார் கண்ணீர் விடுவார்கள். அதன் பிறகே குளிர்த்திப் பாடலும் வேப்பிலையும் கும்பநீரும். துயரைப் பாட்டினால் வெளியே கொண்டுவந்து, பின் இலையாலும் நீராலும் ஆற்றுகிறார்கள். (இந்த வழக்குரையைப் பண்டிதர் வீ.சீ. கந்தையா பதிப்பிக்க, 1968 இல் நமது இந்து சமய விருத்திச் சங்கமே வெளியிட்டது என்பதை இளையோர் அறிய வேண்டும்.)

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரையை அழித்தது. சடங்கிற்குத் தீர்த்தம் எடுப்பதும் அதே கடலில்தான். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அந்த மணலில் கால் வைப்பது எத்தகைய வேதனை! "எல்லாம் விதி, மறந்துவிடு" என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் ஆறுதல்தான். ஆயினும் அது இச்சந்நிதியின் வழி அன்று. அழவேண்டியதை அழுதபிறகே இங்கு குளிர்த்தி.

மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் ஏறக்குறைய இவ்வழியையே பின்பற்றியது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மரநிழலில் ஒன்றாயிருந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். வாய் சொல்ல அஞ்சியதைக் கை சொல்லிற்று.

நம் ஊர் ஈன்ற சுவாமி விபுலானந்தரை இங்கு நினையாமல் இருக்க இயலுமா? மட்டக்களப்பு வாவியின் நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியில் மனங்கரைந்து நீரரமகளிரைப் பாடியவர் அவர். பாரிசவாதம் உடலைத் தளர்த்திய பின்னும் யாழ் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்ச் சந்நிதியில் யாழ்நூல் அரங்கேறியது. யூலை 19 ஆந் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார்.

அடியார்களே, குளிர்த்தியன்று மட்டும் வந்து தீர்த்தம் பெற்றுச் செல்வோர் நம்மில் பலர். வழக்குரை படிக்கும் நாட்களிலும் வாருங்கள். பிள்ளைகளையும் ஏடு படிப்பவர் அருகில் இருத்துங்கள். அந்த இராகம் அவர்கள் காதில் விழட்டும். உங்கள் வீட்டிலோ அயலிலோ துயரோடு ஒதுங்கியிருப்பவர் உண்டானால் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அவரை எதுவும் பேசச் சொல்ல வேண்டாம். பந்தலில் ஒரு பக்கமாக இருந்து கேட்கட்டும்.