யார் ஜெயிப்பார் என்று கடவுளுக்குத் தெரியுமா?

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நெருங்கினால், அந்த நாட்டில் ஆளாளுக்கு ஆரூடம்தான். முன்னாள் வீரர்கள் தொலைக்காட்சியில் ஸ்கோர் வரைக்கும் சொல்வார்கள். லாஸ் வேகஸ் பந்தய நிலையங்கள் எந்த அணி எத்தனை புள்ளி முந்தும் என்று எண் போடும். கணினி சதவிகிதம் தரும். பக்தியுள்ளவர்கள் ஜெபத்தில் முறையிடுவார்கள். இத்தனை ஆரவாரத்துக்கும் அடியில் கிடப்பது மிகப் பழைய கேள்வி. நாளை நடக்கப்போவது இன்றே முடிவாகிவிட்டதா? ஆகிவிட்டதென்றால், முடிவு செய்தவர் யார்?

அரிஸ்டாட்டில் இதைக் கடற்போரை வைத்துக் கேட்டார். நாளை போர் நடக்கும் என்கிறார் ஒருவர். நடக்காது என்கிறார் இன்னொருவர். இருவரில் ஒருவர் சொல்வது இன்றைக்கே உண்மையாகிவிட்டால், தளபதிகள் உட்கார்ந்து ஆலோசிப்பது வீண் வேலை. ஆகவே நடக்கும் அல்லது நடக்காது என்பது மட்டுமே இன்று உறுதி, எது என்பது இன்னும் முடிவாகவில்லை. அவர் சொன்னதைப் பலரும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

1969 ஜனவரி சூப்பர் பவுலில், பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு மயாமியில் நடந்த விருந்தில் யாரோ சீண்டியபோது, எதிரணியான நியூயார்க் ஜெட்ஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ஜோ நேமத், ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கப்போவது நாங்கள்தான், உத்தரவாதம் தருகிறேன் என்றார். ஜெட்ஸ் 16-7 என்று ஜெயித்தது. இன்றும் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு ஆரூடமாக அதைச் சொல்கிறார்கள். ஆனால் அது ஆரூடமே அல்ல. தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1957-இல் எழுதிய ‘இன்டென்ஷன்’ நூலை ஆரூடத்துக்கும் எண்ணத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறார். எனக்கு வாந்தி வரப்போகிறது என்பது முன்னறிவிப்பு. நான் உலாவப் போகிறேன் என்பது எண்ணம். முதலாவதற்கு அறிகுறி வேண்டும். இரண்டாவதை மெய்யாக்க, சொன்னவர் எழுந்து நடக்க வேண்டும். நேமத் சொன்னது இரண்டாவது வகை, அதுவும் தன் அணிக்கும் சேர்த்து. அந்த ஆட்டத்தில் அவர் ஒரு டச் டவுன்கூட வீசவில்லை. கடைசிக் கால்பகுதியில் பந்தே வீசவில்லை. சக வீரர் மேட் ஸ்னெல் பந்தைச் சுமந்து 121 கெஜம் ஓடினார். தடுப்பாட்டக்காரர்கள் எதிரணியின் வீச்சுகளில் நான்கைப் பறித்தார்கள். அவர் கொடுத்த வாக்கை மற்றவர்கள் உடல் நோகக் காப்பாற்றினார்கள்.

சரி, கணினி? 2017-இல் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுலில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் மூன்றாம் கால்பகுதியில் 28-3 என்று முன்னால் நின்றது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் தோற்கும் வாய்ப்பு 99 சதவிகிதத்துக்கும் மேல் என்றன கணிப்புகள். கூடுதல் நேரத்தில் பேட்ரியட்ஸ் 34-28 என்று ஜெயித்தது. கணிப்பு பொய்த்தது என்பது அவசரத் தீர்ப்பு. இதுபோல் பின்தங்கிய அணிகள் முன்பு என்ன ஆயின என்பதைத்தான் அது சொன்னது. அன்று மைதானத்தில் நின்றவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

கடவுளிடம் வரும்போது கேள்வி கனமாகிறது. எந்த அணி ஜெயிக்கும் என்பதில் கடவுளுக்குப் பங்குண்டு என்று ஏறக்குறைய நான்கில் ஒரு அமெரிக்கர் நம்புவதாக பப்ளிக் ரிலிஜன் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் 2013-இல் எடுத்த கருத்துக்கணிப்பு காட்டியது. 2015 ஜனவரியில் சியாட்டில் சீஹாக்ஸின் ரஸல் வில்சன், எதிரணியிடம் நான்கு பந்துகளைப் பறிகொடுத்தும் கிரீன் பே பேக்கர்ஸை வென்றபோது, கடவுள் வகுத்த வழி அது என்று கண்ணீரோடு பேசினார். தோற்ற அணியின் ஏரன் ராட்ஜர்ஸ், ஆட்டத்தின் முடிவில் கடவுளுக்கு அக்கறை இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றார். இரண்டே வாரத்தில் சூப்பர் பவுலில், கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் வில்சன் வீசிய பந்தை மால்கம் பட்லர் பறித்தார், ஆட்டம் கைநழுவியது. வெற்றியைக் கடவுள் கணக்கில் எழுதினால் இதையும் அங்கேதான் எழுத வேண்டும்.

இதன் வலி முழுதும் தெரிவது 1991 சூப்பர் பவுலில், டாம்பாவில். பஃபலோ பில்ஸ் 19, நியூயார்க் ஜயன்ட்ஸ் 20. மிச்சம் எட்டு வினாடி. பில்ஸின் ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைக்க வேண்டும். பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் பில்ஸுக்கு வெற்றி. மைதான ஓரத்தில் ஜயன்ட்ஸ் வீரர்கள் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பந்துக்கு உயரமும் இருந்தது, தூரமும் இருந்தது. வலக் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது.

அந்த ஜெபம் பலித்தது என்று சொன்னால், நார்வுட்டைக் கடவுள் கைவிட்டார் என்றும் சொல்லியாக வேண்டும். மனசாட்சியுள்ள ஒரு பக்தரால் அதைச் சொல்ல முடியாது. இங்கே துணைக்கு வருபவர் ஆறாம் நூற்றாண்டில் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தபடி எழுதிய போயத்தியஸ். ஒருவன் நடப்பதை நாம் பார்க்கிறோம். நம் பார்வை அவனை நடக்க வைப்பதில்லை. காலத்துக்கு வெளியே இருக்கும் கடவுள் எல்லாவற்றையும் அப்படி நிகழ்காலமாகவே காண்கிறார் என்றார் அவர். அந்தக் காட்சியில் டாம்பாவின் பந்தும் உண்டு. ஆனால் அதை வெளியே தள்ளியது அந்தப் பார்வை அல்ல.

அன்றைய ஆட்டம் முடிந்த பிறகு இரண்டு அணிகளிலிருந்தும் சில வீரர்கள் மைதான நடுவில் ஒன்றாக மண்டியிட்டார்கள். முடிவு வந்தாகிவிட்டது, இனி கேட்டுப் பெற ஒன்றுமில்லை. கடவுளுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் அந்த ஊரில் அன்று நடந்திருக்காது. மறுநாள் பஃபலோ நகரச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டு, தோல்விக்குக் காரணமானவர் என்று உலகம் சொன்ன நார்வுட்டையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் ஒலிபெருக்கி முன் வந்து, தழுதழுத்த குரலில் நன்றி சொன்னார். அந்த மக்கள் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில் டென்வர் பிராங்கோஸுக்கு எதிரான ஆட்டத்தில் நார்வுட் 44 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. பில்ஸ் 10-7 என்று, சரியாக அந்த உதை தந்த மூன்று புள்ளியில் ஜெயித்து மறுபடி சூப்பர் பவுலுக்குப் போனது. முதல் உதையைத் தெய்வக் குற்றம் என்று படித்தவர்கள், அதே காலின் இந்த உதையையும் படித்துச் சொல்லட்டும்.