அந்த நாலு நிமிஷம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குள் போகவேண்டி இருந்தது. வாசலில் செக்யூரிட்டி என் செல்போனை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் இருந்த கேமராக் கண்கள் மீது சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். பிரித்தால் தெரிந்துவிடும் ரக ஸ்டிக்கர். ‘பார்த்துக்கோ. ஆனா எடுத்துக்கிட்டுப் போகாதே’ என்று அர்த்தம். நியாயம்தான். அவர்கள் இடம், அவர்கள் பொருள்.

சாயங்காலம் கிளம்பும்போது, அங்கே குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், “படப்பை வரைக்கும் போறேன் சார். அங்கேருந்து உங்களுக்குத் தாம்பரம் பஸ் நிறைய இருக்கு, வாங்க” என்று காரில் ஏற்றிக்கொண்டார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். முன்னால் புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய டிரெய்லர், பின்னால் கம்பெனி பஸ்களின் வரிசை. நகருவதாக இல்லை. தம்பி பாட்டுப் போட்டார். கிடார். நம் சினிமாக் காதல் பாட்டில் கொஞ்சுமே, அந்தக் கிடார் இல்லை. இது கத்தி, அழுது, சண்டை போட்டது.

“ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் சார். 1967-ல வாசிச்சது. 2023-லதான் வெளியே வந்துச்சு” என்றார். அவரும் வாசிப்பாராம். கம்பெனி ஆண்டு விழாவில் இவர் குழு கட்டாயம் உண்டு. கையில் இருப்பது யமஹா கிடார். (பக்கத்தில் வல்லம் வடகாலில் பைக் செய்கிற அதே பெயர்தான். 1887-ல் ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டியை ரிப்பேர் செய்யப் போன ஜப்பான்காரர் ஆரம்பித்து வைத்தது. அதனால்தான் பைக்கின் டாங்கிலும் மூன்று இசைக்கவை முத்திரை. இந்தப் பக்கம் சங்கீதத்துக்கு இடமே இல்லை என்று யார் சொன்னது?)

அந்தப் பதிவின் கதை இது. 1967 ஆகஸ்ட் 18. லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் பௌல் என்ற பெரிய திறந்தவெளி அரங்கம். அன்றைய முக்கியக் கச்சேரி ‘மாமாஸ் அண்ட் பாப்பாஸ்’ என்ற குழுவுடையது. ஹெண்ட்ரிக்ஸ் அதற்கு முன்னால் வாசிக்கிற ஆள். நம் ஊர்க் கணக்கில் மத்தியானக் கச்சேரி. அவருடைய முதல் ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான். அன்றைக்கு எடுத்த டேப் 56 வருஷம் தூங்கிவிட்டு எழுந்து வந்திருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில், 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. போன பிறகு வந்தவற்றை வைக்க ஓர் அலமாரி வேண்டும்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா, இதை வெளியே விடலாமான்னு அவரை யாரு கேட்டாங்க?” என்றேன். சும்மா, டிராபிக்கில் பேச்சு வளர்க்கத்தான்.

“அதேதான் சார் எனக்கும்” என்று தம்பி வண்டியை நியூட்ரலில் போட்டார். “எங்க லைன்ல நான் ஓகே சொல்லாம ஒரு பீஸ் வெளியே போகாது. சரியில்லைன்னா சிவப்பு பெட்டி. லேசா தப்புன்னா ரீவொர்க். கலைஞனும் அப்படித்தானே சார்? அவன் செத்துட்டா, குவாலிட்டி ஆளே இல்லாம கேட் திறந்து கிடக்குது.”

ரீவொர்க் என்றதும் எனக்கு 1975 ஞாபகம் வந்தது. ஹெண்ட்ரிக்ஸ் விட்டுப்போன டேப்புகளை ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர் எடுத்தார். கூட வாசித்தவர்களின் வாசிப்பை அழித்துவிட்டு, ஹெண்ட்ரிக்ஸைப் பார்த்தே இராத கூலிக் கலைஞர்களை உட்கார வைத்து, புதிதாக வாசித்துச் சேர்த்தார். ‘கிராஷ் லேண்டிங்’ என்ற பெயரில் ஆல்பம் வந்தது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். செத்தவரின் கிடாருக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத ஆட்களை உட்காரவைத்து குரூப் போட்டோ எடுத்த மாதிரி.

நம் ஊரில் இந்தச் சமாசாரம் பழசு. புல்லாங்குழல் மாலி 1986-ல் காலமானார். மனசு இருந்தால் கந்தர்வ கானம், இல்லாவிட்டால் பாதிக் கச்சேரியில் எழுந்து போய்விடுவார். இன்றைக்கு நாம் கேட்கிற மாலியில் பெரும்பகுதி, ஸ்பூல் டேப்பைத் தூக்கிக்கொண்டு கச்சேரி கச்சேரியாகத் திரிந்த ரசிகர்கள் பிடித்துவைத்தது. 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயரும் அப்படித்தான். நடுநடுவே யாரோ இருமுவார்கள், குழந்தை அழும். அந்த டேப்புகள் இல்லாவிட்டால், அவர் போன பிறகு பிறந்த என் மாதிரி ஆட்களுக்கு அவர் வெறும் பெயர்.

டேப் பிடித்த மாமாக்களில் இரண்டு சாதி. கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவர்கள் ஒன்று. பீரோவில் பூட்டி, பூஞ்சை பிடிக்கும்வரை யாருக்கும் காட்டாதவர்கள் இன்னொன்று. (இரண்டாவது சாதிக்கு நரகத்தில் தனி அறை. அதில் மைக்செட் மட்டும் இருக்கும், பிளக் இருக்காது.) மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளை டிஜிட்டலாகச் சேர்த்துவைத்து, ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். காப்பி கிடையாது. ஒரகடம் ஸ்டிக்கர்தான், காதுக்கு ஒட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ல் வந்த காப்புரிமைச் சட்டத்தில், மேடையில் வாசிப்பவருக்கென்று தனி உரிமையே இல்லை. 1994 திருத்தத்தில்தான் வந்தது. 1999-ல் அதை 50 வருஷம் ஆக்கினார்கள். 2012-ல், பெயரைக் கெடுக்கிற மாதிரி வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கவும் உரிமை வந்தது. ஆனால், ‘அன்னிக்கு நான் சரியா வாசிக்கலை, அதை மறந்துடுங்க’ என்று செத்த மனுஷன் சொல்ல எந்தப் பிரிவும் இல்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குக் கச்சேரி என்பது கீரைக்கட்டு வியாபாரம். அன்றைக்கு விற்கணும், அன்றைக்கே தீரணும். வாசிப்பவரும் அந்தக் கணக்கில்தான் துணிந்து வாசிக்கிறார். தப்பு வந்தாலும் காற்றோடு போய்விடும் என்கிற தைரியம். டேப் வந்து அந்தக் கீரையை நிலையான சொத்துப் பத்தியில் எழுதிவிடுகிறது. இன்னொரு பக்கம், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் வாசித்தது, கொடுத்தாகிவிட்ட பொருள். வீட்டில் பயிற்சி செய்ததைத் திருட்டுத்தனமாகப் பிடித்து வெளியே விட்டால் நான் காறித் துப்புவேன். மேடையில் வாசித்தது வேறு. அதை உள்ளது உள்ளபடி விடலாம் என்பதுதான் என் கட்சி.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஹெண்ட்ரிக்ஸை நிறுத்தினார்.

“எங்க அப்பா நாயனக்காரர் சார்.”

வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். அப்பா போய் 26 வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. 1998-ல் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மைக்செட்காரர் பிடித்துக் கொடுத்தது. அப்பாவின் வாசிப்பில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். தங்கை துபாயில் இருக்கிறார். அப்பா வாசித்தது அவருக்கு ஞாபகமே இல்லை. அடுத்த மாதம் திவசத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

“போட வேண்டியதுதானே?”

“கல்யாணி ஆலாபனை சார். மேலே போறாரு. போயிட்டே இருக்கும்போது டப்புன்னு நிக்குது. மூச்சு இல்லை. அப்பவே உடம்பு சரியில்லை அவருக்கு, எங்களுக்குத்தான் தெரியாது. நாலு நிமிஷம் நாயனமே கிடையாது. அப்புறம் மறுபடி வராரு, கீழேயே வாசிச்சு முடிச்சிடறாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டாரு. நான் பத்து வயசுப் பையன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதை யாரும் கேட்கறதை அவர் விரும்புவாரா சார்? அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டிட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன். லேப்டாப்ல ரெண்டு நிமிஷ வேலை.”

ஐந்து நிமிஷம் முன்னால் ‘உள்ளது உள்ளபடி’ என்று வீரம் பேசியவன் வாயை மூடிக்கொண்டேன். ஹெண்ட்ரிக்ஸ் விஷயத்தில் தீர்ப்பு சொல்வது சுலபம். அவர் ராத்திரி சாப்பிடாமல் படுத்ததை நான் பார்க்கவில்லை.

டிரெய்லர் நகர்ந்தது. ஒரு அரை கிலோமீட்டர் போனோம்.

“கேட்கலாமா?” என்றேன்.

போனில் வைத்திருந்தார். கேசட் ஓடும்போது செல்போனைப் பக்கத்தில் பிடித்துப் பதிந்தது. மின்விசிறிச் சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ ஒருவர் சாம்பார் கேட்கிறார். நாயனம் ஏறி வருகிறது. நல்ல வாசிப்பு, சும்மா சொல்லவில்லை. சட்டென்று அறுந்தது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. அந்த ஓட்டையில் தவில் நுழைந்தது. திட்டமிட்ட தனி ஆவர்த்தனம் மாதிரியே, அவசரமே இல்லாமல், சின்னச் சின்னச் சொல்லாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டி, மண்டபத்தின் சத்தத்தையே அடக்கிவிட்டார் அந்த மனுஷர். சாம்பார் கேட்டவர்கூடப் பேசவில்லை. நாலு நிமிஷம் முடிந்து நாயனம் திரும்ப வந்தபோது, கூட்டம் கைதட்டுகிறது. பந்தியில் இருந்தவர்கள் ஒருத்தருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

“தம்பி, இதை வெட்டினா நீங்க அப்பாவை வெட்டலை. தவில்காரரைத்தான் வெட்டறீங்க.”

தம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிவை எத்தனையோ தடவை கேட்டிருப்பார். அப்பா இல்லாத இடம் என்று அந்தப் பகுதியைத் தள்ளித் தள்ளியே கேட்டிருக்கிறார்.

“அவர் இருக்காரா?”

“தவில் மாமாவா? இருக்காரு சார். எழுபத்தஞ்சு தாண்டியிருக்கும். மகன் இங்கதான் ஒரு கம்பெனியில பஸ் ஓட்டறான். மாமாவுக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம்.”

“அப்போ வாட்ஸ்அப்புக்கு முன்னாடி அவருக்குப் போட்டுக் காட்டுங்க. உங்க அப்பாவைக் கேட்க முடியாது. இவரைக் கேட்கலாமே.”

படப்பையில் இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றார். போன் ஸ்பீக்கர் மாமாவுக்குக் கேட்காது, ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், காரில் பின் சீட்டை மடக்கினால் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.