காற்று அவன் கையில். பாய் நம் கையில்

பெயரில் பட்டணம் இருந்தாலும், சேலத்துக்குக் கிழக்கேயுள்ள நம் அயோத்தியாப்பட்டணத்துக்குக் கடல் கிடையாது. எனினும், ஜும்ஆவுக்குப் பின் எழுந்த ஒரு பேச்சு நம் சிந்தனையைக் கடல்வரை கொண்டு சென்றது. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைத் தீர விசாரிக்காமல் வியாபாரத்தில் போட்டு இழந்த இளைஞர் ஒருவர், "தவக்குல் வைத்துத்தான் செய்தேன், அல்லாஹ்வின் நாட்டம் இது" என்றார். இதுதான் தவக்குலா?

நாகூர், நாகப்பட்டினம் மரக்காயர்கள் பாய்க்கப்பலில் கெடா, பினாங்கு, மலாக்காத் துறைகளுக்குச் சென்று வந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டு செல்லும்; வடகிழக்குக் காற்று வீசினால்தான் தாயகம் திரும்பலாம். அதுவரை துறையில் காத்திருக்க வேண்டும். மலாக்கா நீரிணையில் சில நாள் காற்றே இராது. சில இரவு சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று சூறைக்காற்றும் மழையும் பாயும்.

காற்றை உண்டாக்க எந்த மாலுமியாலும் முடியாது. ஆனால் பாயைத் தைப்பதும், பலகை இடுக்கை அடைப்பதும், பருவமறிந்து நங்கூரம் எடுப்பதும் அவன் கடமை. கப்பலில் இருப்பது அவன் உயிர் மட்டுமா? ஊராரின் சரக்கும், பிறர் வீட்டுப் பிள்ளைகளும் அவனிடம் அமானிதம் அல்லவா?

எல்லாம் செய்த பிறகும் கப்பல் மூழ்கலாம். அங்கே "அல்லாஹ்வின் நாட்டம்" என்பது சபுர். கிழிந்த பாயைத் தைக்காமலே புறப்பட்டவன் அதே சொல்லைச் சொன்னால், தன் குற்றத்தை இறைவன்மீது சுமத்துகிறான். சொல் ஒன்றுதான், ஒன்று ஈமான், மற்றொன்று சாக்குப்போக்கு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததும் இதைத்தானே!

காத்திருப்பதும் சோம்பலல்ல. அக்கரைக்கு வாணிபம் செய்யப்போய்த் தங்கிய தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளியையும், 1826-இல் சிங்கப்பூரில் ஜாமியா சூலியா பள்ளியையும் எழுப்பினார்கள். இன்றும் அங்கே பாங்கொலி கேட்கிறது.

அந்தக் கப்பல்களைச் செலுத்திய பருவக்காற்றுத்தான் நம் வயலுக்கும் மழை தருகிறது. மழைக்காகக் கையேந்தும் நம் விவசாயி, ஏர் பூட்டாமல் இருப்பதில்லை. அந்த இளைஞரும் முதலில் தம் தவறை ஒப்புக்கொள்ளட்டும். பணம் கொடுத்தவர்களிடம் சென்று தவணை கேட்கட்டும். பிறகு அல்லாஹ்விடம் பரக்கத்தைக் கேட்கட்டும். அதுவே தவக்குல்.

நம் கடமையைச் செய்துவிட்டு அவனைச் சார்ந்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.