வராத நாளின் குற்றவாளி

சென்ற நோன்புப் பெருநாளை ஒட்டிப் பெருநகரில் உறவினர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செய்யாற்றை அடுத்து, உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள ஊர் அது. இஷாத் தொழுகை முடிந்து உணவும் முடிந்து பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், உள்ளே கூடத்தில் பிள்ளைகளிடையே பெரும் வழக்கு ஒன்று மூண்டது. "அவன்தான் கொன்றான்" என்றான் ஒருவன். "அவன் எப்படிக் கொல்ல முடியும்? அவன் இன்னும் பிறக்கவேயில்லை" என்றாள் ஒருத்தி. பிறவாதவன் மீது கொலைப்பழி விழுவதைக் கேட்டபின் திண்ணையில் இருப்புக் கொள்ளுமா? எழுந்து உள்ளே சென்றோம்.

கைப்பேசியில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 'தி ஃபிளாஷ்' என்பது அதன் பெயர். 2014 அக்டோபர் 7ஆம் நாள் தொடங்கி 2023 மே 24ஆம் நாள் வரை ஒன்பது பருவங்களாக ஒளிபரப்பாகி முடிந்த கதை. பாரி ஆலன் என்னும் இளைஞர் காவல் துறையில் தடயங்களை ஆராய்பவர். மின்னல் தாக்கி, மனிதருக்கு எட்டாத வேகம் அவருக்கு வாய்க்கிறது. அவர் பதினொரு வயதுச் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாய் கொலையுண்டாள். கொன்றவன் யார் கண்ணுக்கும் புலப்படாமல் மறைந்தான். பழியோ வீட்டில் இருந்த தந்தையின் தலையில் விழுந்தது. குற்றமற்ற அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடுகிறார். உண்மையான கொலையாளி வருங்காலத்திலிருந்து காலத்தைக் கடந்து வந்த இயோபார்ட் தாவ்ன் என்பவன். சிறுவனைக் கொல்ல வந்தவன், அது கைகூடாத ஆத்திரத்தில் தாயைக் கொன்றான். பிறகு தன் காலத்துக்குத் திரும்ப வழியின்றி இங்கேயே சிக்கி, வேறொருவர் உருவில் நல்லவர்களிடையே உலவுகிறான். அந்த வேற்றுருவம் யாருடையது என்பதுதான் முதற்பருவத்தின் புதிர். கூடத்தில் மூண்ட வழக்கும் அதுவே.

பிள்ளைகளில் பாதிப்பேர் நாயகனுக்கு ஆசானாக நின்று உதவும் வெல்ஸ் என்னும் விஞ்ஞானியைச் சந்தேகித்தனர். காரணம் கேட்டோம். "நன்னா, அவர் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறாரே!" என்றார்கள். மற்றப் பாதிப்பேர் கை காட்டியது எட்டி என்னும் இளம் காவல் அதிகாரியை. அவர் என்ன தவறு செய்தார்? ஒன்றுமில்லை. அவருடைய குடும்பப் பெயரும் தாவ்ன்! இந்த வில்லன் 1963ஆம் ஆண்டிலேயே சித்திரக்கதையில் தோன்றியவன்; அவனுடைய பெயரை முன்பே அறிந்திருந்த இரசிகர்கள், தொடர் தொடங்கியதுமே எட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் ஒன்றே சாட்சியாகிவிட்டது.

இதில் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நமக்கு யோக்கியதை இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று கடலை மிட்டாய்க்குப் பந்தயம் கட்டியவர்கள் நாம். கதையில் ஊகம் செய்வது ஓர் இன்பம். குற்றமில்லாத இன்பம் என்றே சொல்வோம். அங்கே குற்றவாளி யார் என்பதை எழுதியவர் முன்பே முடிவு செய்துவிட்டார். நம் ஊகம் தவறினால் காகித மனிதர் எவருக்கும் சோறு குறையப் போவதில்லை.

பிள்ளைகள் உறங்கிய பிறகு, தொடரை முழுதும் பார்த்து முடித்திருந்த மூத்த பேரன் திண்ணைக்கு வந்து முடிவைச் சொன்னான். கொலையாளி வெல்ஸின் உருவில்தான் இருந்தான். எட்டி குற்றமற்றவர். ஆயினும் பல தலைமுறைக்குப் பின் தம் வழியில்தான் அந்தக் கொடியவன் பிறக்கப்போகிறான் என்று எட்டி அறிகிறார். 2015 மே 19ஆம் நாள் வெளியான பருவ இறுதிப் பகுதியில், தம் மார்பில் தாமே சுட்டுக்கொண்டு வீழ்கிறார். மூதாதை மாண்டதால் வழித்தோன்றலும் இல்லாமற் போகிறான். எட்டாண்டுகள் கழித்துக் கடைசிப் பருவத்தில் அதே கதைக்காரர்கள் எட்டியை உயிர்ப்பித்து, சற்று நேரம் வில்லனாகவும் ஆக்கினார்களாம். அதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஊகித்தவர்களுக்குத் தோல்வி என்பதே இல்லை போலும். காத்திருந்தால் போதும், சந்தேகிக்கப்பட்டவன் ஒருநாள் சந்தேகத்தின் உருவத்துக்கு வந்து சேர்கிறான்.

நிற்க. அன்றிரவு நம் தூக்கத்தைக் கெடுத்தது அமெரிக்கக் கதையன்று.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது வாழ்ந்த சிற்றூரில் ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்து உள்ளிருந்த செம்புக் கம்பியை யாரோ உருவிச் சென்றுவிட்டார்கள். அந்தத் தெருவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தையல் பழகிக்கொண்டிருந்தான். அவனுடைய அத்தா ஒருமுறை ஆடு திருடிச் சிறை சென்று மீண்டவர். தேநீர்க் கடையில் பேச்சு எழுந்தபோது, நாம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னோம்: "அவர் மகன்தானே!" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த மூன்று நாள் பேச்சில் இப்படி ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் போட்டிருப்பார்கள். காவல் நிலையத்தில் எவரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை, பஞ்சாயத்தும் கூடவில்லை. தையற்கடைக்காரர் மட்டும், சில நாள் வரவேண்டாம் என்று பையனிடம் சொன்னார். ஒரு விடியற்காலையில் அவன் பேருந்து ஏறிப் போய்விட்டான். எட்டு மாதம் கழித்து அந்தக் கம்பி, மோட்டார்க்காரரின் மைத்துனர் வீட்டுப் பரண்மீது இருந்தது தெரியவந்தது. ஊர் அதை இரண்டு நாள் பேசியது. பையனைப் பற்றி எவரும் பேசவில்லை. அவன்மீது யாரும் முறைப்படி குற்றம் சாட்டாததால், முறைப்படி மன்னிப்புக் கேட்கவேண்டிய கடமையும் யாருக்கும் நேரவில்லை!

நாம் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது நம் மனத்தில் இருந்தது என்ன? அவன் திருடியதை நாம் கண்டோமா? இல்லை. இன்றில்லாவிட்டாலும் நாளை அவன் திருடுவான் என்று, வருங்காலத்துக்குச் சென்று பார்த்துத் திரும்பியவரைப் போல் பேசினோம். காலத்தைக் கடக்கும் பொறி கதையில்தான் உண்டு என்று எண்ணுகிறோம். தெருவில் ஒவ்வொருவர் நாவிலும் ஒன்று இருக்கிறது.

சரி, பொய்யான ஊகத்தை விட்டுவிடுவோம். மிகுதியான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளையை அறியாதவர் நம்மில் இல்லை. கதை எழுப்பும் கேள்வி அதைவிடக் கடுமையானது. ஒருவன் நாளை கொடியவன் ஆவான் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது இன்று அவனைக் குற்றவாளி எனலாமா?

இவ்விடத்தில் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை), ஹிள்ரு (அலை) வரலாறு நினைவுக்கு வராமற் போகாது. வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அத்தியாயமன்றோ அது! வழியில் கண்ட சிறுவனை ஹிள்ரு (அலை) கொன்றுவிட, மூஸா (அலை) பொறுக்கமாட்டாமல் தடுத்துக் கேட்கிறார்கள். அவன் வளர்ந்தால் தன் நம்பிக்கையுள்ள பெற்றோரைப் பெருந்துன்பத்தில் ஆழ்த்துவான் என்பது விடையாகக் கிடைக்கிறது. சிறு பிராயத்தில் இதைக் கேட்ட நமக்கு, மூஸா நபி பொறுமை இழந்ததே தவறு என்று தோன்றியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஹிள்ரு (அலை) தம் விருப்பப்படி அதைச் செய்யவில்லை என்று திருமறையே கூறிவிடுகிறது. அந்த அறிவு இறைவன் தந்தது, கட்டளையும் அவனுடையது. ஆனால் நியாயத் தீர்ப்புக்கு மனிதகுலத்திடம் விடப்பட்ட வழி, மூஸா (அலை) எழுப்பிய அந்தக் கேள்வியின் வழிதான்: எந்த உயிருக்கு ஈடாக இந்த உயிரைப் பறித்தீர்?

இது நம் சொந்த விளக்கம் மட்டுமன்று. காரிஜியாக்களின் தலைவர்களுள் ஒருவரான நஜ்தா என்பவர் போரில் குழந்தைகளைக் கொல்வது பற்றிக் கேட்டு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மடல் எழுதினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தைகளைக் கொன்றதில்லை. எனவே நீரும் கொல்லலாகாது. அந்தச் சிறுவனைக் குறித்து ஹிள்ரு அறிந்ததை நீரும் அறிந்திருந்தாலன்றி, என்ற கருத்தில் விடை சென்றது. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. அந்த 'அன்றி' என்னும் சொல்லால் கதவு திறக்கப்படவில்லை; இழுத்து அடைத்துத் தாழிடப்பட்டது.

அலீ (ரலி) அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி வரலாற்று நூல்களில் வழங்குகிறது. இப்னு முல்ஜம் தம்மைக் கொல்வான் என்று அவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்களாம். அவ்வாறாயின் அவனை ஏன் விட்டுவைக்கிறீர்கள் என்று உடனிருந்தோர் கேட்டபோது, செய்யாத குற்றத்துக்குப் பழிவாங்க அவர்கள் இணங்கவில்லை. ஹிஜ்ரி 40ஆம் ஆண்டு (கி.பி. 661) கூஃபாவில், ரமளானில், அந்த வாள் வீழ்ந்தது. வீழ்ந்த பின்னரும் கைதிக்கு உணவளிக்கச் சொன்னார்கள் என்பர். எட்டியைச் சந்தேகித்த பிள்ளைகளுக்கு மறுநாள் காலை இதைச் சொன்னபோது அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. ஒரு பேத்தி மட்டும், "தெரிந்திருந்தும் காப்பாற்றிக்கொள்ளாமல் இருப்பது சரியா?" என்றாள். காவல் போட்டுக்கொள்வது வேறு, கழுத்தை வெட்டுவது வேறு என்றோம். விடை அவளுக்குப் போதவில்லை; நமக்கும் முழுதாகப் போதவில்லை.

அன்று பகலில் அவர்களை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் சென்றோம். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர், வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அங்கே செதுக்கி வைத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். இறை செலுத்தும் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குத் தகுதியில்லை. அதுவரை நமக்கு மகிழ்ச்சிதான். நடந்ததை வைத்தே கல்வெட்டு பேசுகிறது. ஆனால் கணக்குக் காட்டாதவனின் தந்தை, மகன், உடன்பிறந்தான், மைத்துனன், மருமகன், அத்தை மகன் என்று உறவின் பட்டியலும் தொடர்ந்து நீள்கிறது. அவர்களும் கூடாதாம். "நன்னா, இவர்களும் எட்டி மாதிரிதானே?" என்றான் ஒருவன். பொதுப்பணத்துக்கு வேலி கட்டினார்கள், யாரையும் திருடன் என்று சொல்லவில்லை என்று சமாதானம் கூறினோம். கூறும்போதே, அந்த மருமகன் குடவோலை நாளன்று எங்கே நின்றிருப்பான், அவனை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. நம்மை ஆற்றியது வேறொரு விதி. குடத்துள் கையிட்டு ஓலை எடுப்பவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனாக இருக்கவேண்டும். ஊகிக்கத் தெரியாத கை!

நம் நாட்டிலேயே இத்தகைய கதை ஒன்று வந்ததுண்டு. 2021 நவம்பர் 25ஆம் நாள் வெளிவந்த 'மாநாடு' திரைப்படத்தில் அப்துல் காலிக் என்னும் இளைஞன் ஒரே நாளில் மீண்டும் மீண்டும் சிக்குகிறான். தனுஷ்கோடி என்னும் காவல் அதிகாரியான வில்லனும் அந்தச் சுழலுக்குள் வந்துவிடுகிறான். கூட்ட மேடையில் முதலமைச்சரைச் சுட்டு, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன்மீது போட்டுக் கலவரம் மூட்டுவதே சூழ்ச்சி. காலத்தைத் திருப்புவது அந்த வில்லனின் உண்மையான பலமன்று என்பது நம் கருத்து. பெயரைக் கேட்டதும் ஊர் நம்பிவிடும் என்று அவன் கணக்கிட்டிருந்தானே, அதுதான் பலம். அந்தக் கணக்கில் பார்வையாளர் எவரும் பிழை காணவில்லை. இப்படி யார் நம்புவார்கள் என்று திரையரங்கில் ஒருவரும் கேட்டதாக நாம் அறியோம். வாடகைக்கு வீடு தேடிப் பெயரைச் சொன்னதும், வீடு முன்பே பேசி முடிந்துவிட்டதாக விடை பெற்ற நம் வாசகர்கள் எத்தனை பேரோ!

சட்டத்திலும் இவ்வூகத்துக்கு இடமுண்டு. அரசமைப்பின் 22ஆம் பிரிவு தடுப்புக் காவலை ஏற்கிறது. குண்டர் சட்டம் என மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், ஒருவரை ஓராண்டு வரை வழக்கு விசாரணையின்றி அடைத்து வைக்க வழி செய்கிறது. குண்டு வெடிக்கும் வரை காவலர் கைகட்டி நிற்பதா என்பார்கள். நிற்கவேண்டா. மருந்தும் திரியும் சேகரிப்பதே ஒரு செயல். அதற்கு வழக்குத் தொடுக்கலாம், சான்று காட்டலாம். சான்று இல்லாதபோது எஞ்சுவது நாம் தேநீர்க் கடையில் சொன்ன அதே வாக்கியந்தான். பிறரைக் குறைகூறும் சமுதாயமாகிய நாமும், நம் தெருவில் நம் பிள்ளை ஒருவனுக்கு அதைச் செய்யத் தயங்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து திரும்பும்போது அந்தத் தையற்காரப் பையனின் கதையைப் பேத்தியிடம் சொன்னோம். "அவர் இப்போது எங்கே, நன்னா?" என்றாள்.

இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் நரைத்த தாடியோடு ஒருவர் நம்மிடம் வந்து சலாம் சொல்லி, நம் தாயாரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர்கள் எப்போது மறைந்தார்கள் என்று விசாரித்தார். வெளியூரில் தையற்கூடம் வைத்திருப்பதாகச் சொன்னார். நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். பந்தியில் அவரே நமக்குத் தண்ணீர் ஊற்றினார். தேநீர்க் கடைப் பேச்சில் நமக்கும் பங்கிருந்தது அவருக்குத் தெரியுமா என்று அவர் முகத்தில் தேடினோம்; தெரியவில்லை. அவருடைய முகவரியை வாங்கி வைத்திருக்கிறோம். இந்த இதழ் வெளிவந்ததும் ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்றிருந்தோம். பேத்தியோ, அஞ்சல் ஆகாது, பேருந்து ஏறிப் போங்கள் என்கிறாள்.