பிறவிக் குருடும் பௌத்த கிறித்துவ நெறிகளும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறை, மணிவாசகப் பெருமான் குருந்தமர நீழலில் ஆட்கொள்ளப்பெற்ற திருத்தலமாம். அப்பெருமான் தில்லையில் ஈழநாட்டுப் பௌத்தரை வாதில் வென்றனரெனத் திருவாதவூரர் புராணம் கூறும். அவர் அருளிய திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டவரோ ஜி. யு. போப் என்னும் கிறித்துவ குருவாவர். இத்தலத்தே ஓரன்பர் எம்மை நோக்கி, "பௌத்தமும் கிறித்துவமும் அன்பு, வாய்மை, ஈகை என ஒரே அறத்தையன்றோ கூறுகின்றன? அறம் ஒன்றாயின், கொள்கை வேறுபடுதலால் வருவது யாது?" என வினவினர். அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

அவ்விரு சமயத்தாரும் தம்முள் வாதிட்டதுண்டு. 1873ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28 ஆகிய நாள்களில் ஈழத்துப் பாணந்துறையில் மொகொட்டிவத்தே குணானந்த தேரரும் டேவிட் டி சில்வா முதலிய கிறித்துவ குருமாரும் பெருங்கூட்டத்தின்முன் எதிர்நின்று வாதித்தனர். நிலைபேறுடைய உயிர் இல்லையாயின், வினை செய்தான் ஒருவனும் பயன் துய்ப்பான் பிறனொருவனும் ஆவரன்றோ என்பது கிறித்துவர் எழுப்பிய தலையாய கடா. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் தொடர்ச்சியே உயிரெனப்படுவது. ஒரு விளக்கினின்று ஏற்றிய மறுவிளக்கைப்போலப் பின்வருவோன் அவனும் அல்லன், பிறனும் அல்லன் என்பது பௌத்த நூல்கள் கூறும் விடை. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்தில் நால்வகைப் பௌத்தரையும் மறுத்தனர். கிறித்துவம் அந்நூலில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆகலின் அதனை நிறுத்தறிதல் நம் கடனாயிற்று.

பிறவிக் குருடனொருவனை முன்னிறுத்திக் காண்க. இவன் ஏன் இவ்வாறு பிறந்தான்? முன்வினையாலென்பர் பௌத்தர், ஆயினும் அவ்வினையைச் செய்து இன்று நுகரும் நிலைத்த உயிரையும், வினைப்பயனைக் கூட்டும் இறைவனையும் கொள்ளார். கிறித்துவரோ இறைவனையும் அழியாத உயிரையும் கொள்வர், முற்பிறவியைக் கொள்ளார். யோவான் சுவிசேடம் 9ஆம் அதிகாரத்தில் இவ்வினாவே எழுகின்றது. பாவஞ்செய்தவன் இவனோ, இவனைப் பெற்றோரோ எனச் சீடர் கேட்க, இருவருமல்லர், இறைவன் செயல் இவனிடத்து விளங்குதற்பொருட்டே என்றனர் இயேசுநாதர். முன்னையதில் வினை உண்டு, அருள் இல்லை. பின்னையதில் அருள் உண்டு, வினைத்தொடர்ச்சி இல்லை.

இவ்வேற்றுமை அறத்தினும் தோன்றும். பிறவிச் சுழலில் எல்லாவுயிரும் உழலுமெனக் கொண்டமையாற் பௌத்தரின் கொல்லாமை சிற்றெறும்பையும் தழுவுகின்றது. கிறித்துவர் தம் கொலைவிலக்கை மாந்தரளவிற் கொள்வர். ஆயினும் மனிதனை இறைவன் சாயலாகக் காண்டலின், பகைவனையும் நேசித்தல் அவர்க்குக் கடனாயிற்று.

சித்தாந்தம் இவ்விரண்டையும் ஒருங்கு பொருத்துகின்றது. உயிர் அநாதி, அதனைப் பற்றிய ஆணவமும் அநாதி. வினைக்கீடாக மாயையினின்று உடம்பைக் கூட்டி, மருத்துவன் கைப்பு மருந்தூட்டுமாறுபோல உயிரைப் பக்குவப்படுத்துவோன் இறைவன். வினை சடமாகலிற் றானே வந்து பற்றாது. அருளும் காரணமின்றி ஒருவற்குக் கண்ணையும் ஒருவற்குக் குருட்டையும் வழங்காது.

அற்றேல், வினைப்பயனை அவனவன் நுகர்க என வாளாவிருத்தலே சைவர்க்கு முறையோ எனின், அன்று. மகாவக்கத்திற் கூறப்படும் ஒரு பிக்கு வயிற்றுநோயுற்றுத் தன் மலசலத்திலேயே கிடந்தான். தமக்குப் பயன்படாதவனென்று ஏனைப் பிக்குக்கள் அவனைக் கைவிட, புத்தர் தாமே நீர் வார்த்துக் கழுவச்செய்து எடுத்துக் கிடத்தினர். இயேசுநாதரும் குருடனுக்கு விடை கூறியதோடமையாது கண்ணளித்தனரென அச்சுவிசேடம் கூறும். நம் பெரியபுராணத்துத் தண்டியடிகளும் பிறவியிற் கண்ணிலாதவரே. திருவாரூர்த் திருக்குளத்தைக் கோல் நட்டுக் கயிறு கட்டித் தடவித் தடவிக் கல்லினார். இறைவன் அவர்க்குக் கண் வழங்கினான். காரணங் கூறுமிடத்து வேறுபட்ட சமயங்கள், துன்புற்றான் அருகே வந்தவிடத்து ஒன்றாகின்றன.

ஆகவே அன்பர்க்கு யாம் கூறும் விடை இது: கொள்கை வேற்றுமை பொய்யன்று, ஆயினும் கொள்கையின் வன்மை அது ஈனும் அறத்தால் அறியப்படும். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது; பிறர் துன்பத்தைப் பொறுத்திருத்தற்கு உரியதன்று. பிறன் வினையை அளக்கும் உரிமை இறைவனொருவற்கே உண்டு. நமக்குரியது அவன் அருளுக்குக் கருவியாதலே. எத்தெய்வத்தை வழிபடினும் ஆங்கு வந்தருள்வோன் அம்மையப்பனே என்று சித்தியார் உணர்த்தவும், மடத்து வாயிலில் வந்து நின்ற கண்ணிலானை 'அவன் வினை' என்று கடந்து செல்வோமாயின், நாம் வென்ற வாதத்தாற் பயன் யாது? இரு நெறியிலும் குறைகண்ட நாம், அவ்விரு நெறியாசிரியரும் செய்த தொண்டிற் குறையாதிருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.