பருத்தி வழக்கில் விடுபட்டவர்கள்

தன் விவசாயியைக் காப்பாற்ற ஒரு நாடு எவ்வளவு தூரம் போகலாம்? வரிப்பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமைதானே என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பணத்தின் பலத்தில் விளைந்த பஞ்சு கப்பலேறிப் போய், வேறொரு கண்டத்து விவசாயியின் விலையைச் சரித்தால், அது உள்நாட்டு விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. 1947இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (GATT) வர்த்தக ஒப்பந்தமும், 1995இல் பிறந்த உலக வர்த்தக அமைப்பும் கொள்கை அளவில் இதை ஒப்புக்கொண்டவைதான். ஒப்புக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்பதைப் பருத்தி காட்டுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் பருத்தியைக் கையால்தான் எடுக்கிறார்கள். விதைப்புக்கு முன் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பருத்திக் கம்பெனி கடனாகத் தருகிறது. அறுவடை முடிந்ததும் அதே கம்பெனி பருத்தியை எடை போட்டு வாங்கி, கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. கடனுக்குக் கிராமத்துக் குழுவே கூட்டு ஜாமீன். ஒருவருடைய நிலத்தில் விளைச்சல் பொய்த்தால் அடுத்தவரின் பங்கில் பிடித்தம் விழும். இப்படிப்பட்ட ஊரில் உலகச் சந்தை விலை இறங்கினால் வருமானம் குறைவதோடு நிற்காது; அண்டை வீட்டாருக்குள் பகையும் வந்துவிடும்.

2001-02இல் விலை அப்படித்தான் விழுந்தது. ஒரு பவுண்டு பஞ்சு ஏறத்தாழ 40 சென்ட், முப்பது ஆண்டுகளில் காணாத வீழ்ச்சி. விலை விழுந்தால் பயிரிடும் பரப்பைக் குறைப்பதுதான் எந்த விவசாயிக்கும் இயல்பு. அமெரிக்காவில் இருந்த சுமார் 25,000 பருத்தி விவசாயிகளுக்கு அந்தத் தேவை எழவில்லை. விலை இறங்க இறங்க மானியம் ஏறும்படிதான் அங்கே சட்டம் இருந்தது. அமெரிக்கப் பஞ்சை வாங்கும் ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும்கூட அரசு தனியே பணம் கொடுத்தது. வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் அல்ல. பாலியஸ்டரின் போட்டி இருந்தது. சீனாவும் மானியம் கொடுத்தது. ஆப்பிரிக்கப் பருத்திக் கம்பெனிகளின் நிர்வாகத்திலும் குறைகள் உண்டு. ஆனாலும் தீங்குக்குப் பல கைகள் காரணம் என்பதால் பெரிய கையின் பொறுப்பு குறைந்துவிடாது.

2002இல் அமெரிக்காவின் பருத்தி மானியங்களை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் பிரேசில் வழக்குத் தொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளான பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாக அதில் சேர்ந்தன. அடுத்த ஆண்டு இந்த இரு நாடுகளும் மாலியும் புர்கினா ஃபாசோவும் சேர்ந்து, பருத்தி மானியங்களை ஒழிக்கவும் அதுவரை தங்களுக்கு இழப்பீடு தரவும் கோரின. கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் அந்தக் கோரிக்கைக்கு முடிவு கிடைக்கவில்லை. வழக்கில் மட்டும் 2004இலும், மேல்முறையீட்டில் 2005இலும் பிரேசில் வென்றது. ஆலைகளுக்கான மானியத்தை அமெரிக்கா 2006இல் நிறுத்தியது. மற்றவற்றில் பெரும்பகுதியைத் தொடர்ந்தது.

தீர்ப்பை ஒரு நாடு மதிக்காவிட்டால் உலக வர்த்தக அமைப்பு அபராதம் விதிக்காது. பாதிக்கப்பட்ட நாடே பதிலடியாகச் சுங்கவரியை உயர்த்திக்கொள்ளலாம். கடைசி வழி அதுதான். 2010இல் ஏறத்தாழ 83 கோடி டாலர் மதிப்புக்குப் பதிலடி கொடுக்கப் பிரேசில் தயாரானது. பொருள்களுக்கு வரி உயர்த்துவதோடு அமெரிக்கக் காப்புரிமைகளிலும் கைவைக்க அதற்கு அனுமதி இருந்தது. வாஷிங்டன் உடனே இறங்கிவந்தது. எப்படி? மானியத்தை நிறுத்தவில்லை, பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014இல் மேலும் 30 கோடி டாலரோடு வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

அமெரிக்க வரிசெலுத்துவோர் தங்கள் விவசாயிக்கு மானியம் கொடுத்தார்கள். அந்த மானியத்தைத் தொடர்வதற்காகப் பிரேசில் விவசாயிக்கும் கொடுத்தார்கள். புர்கினா ஃபாசோ விவசாயிக்கு இரண்டிலும் இடமில்லை. பிரேசிலைக் குறைசொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எட்டு ஆண்டு போராடியது அது. தன் மக்களின் இழப்பை ஈடுகட்டிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை ஆப்பிரிக்க நாடுகளுடனான பருத்தி ஒத்துழைப்புக்குச் செலவிடவும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. ஆனால் பிரேசிலுக்குப் பணத்தைப் பெற்றுத்தந்தது அதன் வழக்கின் நியாயம் மட்டுமல்ல, அதன் சந்தையின் அளவும்தான். அமெரிக்காவிடமிருந்து மிகக் கொஞ்சமே வாங்கும் பெனின் அதே தீர்ப்பைத் தன் பெயரில் பெற்றிருந்தாலும், வரியை உயர்த்தி யாரை மிரட்டியிருக்க முடியும்? இறக்குமதிப் பொருள் தன் ஊரில் விலை ஏறியிருக்கும், அவ்வளவுதான். தண்டனையின் கனம் பாதிக்கப்பட்டவரின் பலத்தைப் பொறுத்தது என்றால், அது நீதியில் பாதிகூட இல்லை. 2019 டிசம்பரில் நீதிபதி நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பே செயலிழந்தது. அந்த அரைகுறை வழியும் அடைபட்டது.

தண்டனை பலத்தைப் பொறுத்திருக்கும் இந்தக் குறை யாருக்கும் புதிதல்ல. 1965இலேயே, பெரிய நாடுகள் விதி மீறினால் வளரும் நாடுகளுக்குப் பண இழப்பீடு வேண்டும், மற்ற நாடுகளும் சேர்ந்து கூட்டாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று காட் அமைப்பில் இரண்டு நாடுகள் கேட்டன. 1966இல் நடைமுறைச் சலுகைகள் சில கிடைத்தன. பண இழப்பீடும் கூட்டு நடவடிக்கையும் கிடைக்கவில்லை. கேட்ட நாடுகளில் ஒன்று உருகுவே. மற்றொன்று பிரேசில். அன்று எல்லா வளரும் நாடுகளுக்கும் கேட்ட பண இழப்பீட்டை, பின்னாளில் பேரம் பேசித் தனக்கு மட்டும் அது பெற்றுக்கொண்டது. அந்தப் பழைய கோரிக்கையை மீண்டும் உலக வர்த்தக அமைப்பில் எழுப்ப வேண்டிய கடன் பெனினைவிடவும் சாட் நாட்டைவிடவும் பிரேசிலுக்கே அதிகம்.